கொழுந்துக்கு நாலு மாடி, எங்களுக்கு ஒரு காம்பரா

மலையகத்தின் கட்டடக்கலை என்று தேடிப் பாருங்கள். நுவரெலியா தபாலகத்தின் செங்கல் கோபுரம் வரும். கிராண்ட் ஹோட்டல் வரும். ஹில் கிளப் வரும். துரை பங்களாக்களின் புல்வெளியும் புகைபோக்கியும் வரும். லயம் வராது. அப்படியே வந்தாலும் வறுமை, சுகாதாரம் என்ற தலைப்புகளுக்குக் கீழே வரும்.

ஆனா இந்த மலைகள்ல திரும்பத் திரும்பக் கட்டின வரைபடம் எதுன்னு கேட்டா, அது லயம்தான். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, இராகலை, எங்கே போனாலும் அதே நீளக் கட்டடம், அதே தகரக் கூரை, வரிசையாக அதே கதவுகள். ஒரு வடிவத்தை இத்தனை தடவை கட்டினவர்கள் அதை யோசிக்காமல் கட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே லயத்தை ஒரு டிசைனாகவே எடுத்துக்கொண்டு சில கேள்விகளைக் கேட்கப் பார்க்கிறோம். இது யாருடைய வசதிக்காகப் போட்ட வடிவம்? அதுக்குள்ள குடியிருக்கப் போறவங்ககிட்ட யாராச்சும் எப்பவாச்சும் "உங்களுக்கு எப்படி வீடு வேணும்"னு கேட்டாங்களா?

கோப்பியிலிருந்து லயத்துக்கு

நம்ம ஆட்கள் முதலில் வந்தது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. 1823ஆம் ஆண்டில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்துதான் மலையகத்தின் 200 வருடக் கணக்கை எண்ணுகிறோம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணமும் அந்தக் கணக்கில்தான். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில்தான் ஆள் அதிகமாகத் தேவை. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணியோடு வந்தவர்களில் நிறையப் பேர் பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். தற்காலிகமாக வருகிறவனுக்குத் தற்காலிகக் குடிசை போதும் என்பதுதான் துரைமாரின் கணக்கு.

1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பிடித்தது. அடுத்த இருபது வருடத்தில் கோப்பிச் சாம்ராஜ்யமே சரிந்துபோனது. அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஒருவாட்டி கொழுந்தெடுத்த மலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி போயாக வேண்டும். வருஷம் பூராவும் ஆள் வேணும். அதுவும் குடும்பமாக வேணும், ஏன்னா கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள். இப்படித்தான் குடிசை நிரந்தரமான லயமாக மாறுகிறது.

லயத்தின் ஒவ்வொரு அளவும் இந்தத் தேவைக்குள்ளிருந்து வந்தது. பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு ஒரே சுவர் என்றால் சுவர்ச் செலவு குறையும். ஒரே கூரை என்றால் மரமும் தகரமும் மிச்சம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, அதற்கு முன்னால் ஒரு ஒடுங்கிய இஸ்தோப்பு. அவ்வளவுதான், ஒரு குடும்பத்துக்கு. இரட்டை லயம் என்றால் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். அங்கே பின் சுவரில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. தேயிலை நடத் தோதான நிலத்தை வீட்டுக்கு விட மனசு வராததால், லயத்துக்கு ஒதுக்கியது பல இடங்களில் பாறையும் சரிவும்தான். எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தால் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் எழுப்புவதும் எண்ணுவதும் சுலபம். யார் வேலைக்கு வரவில்லை, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறான் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்தால் லயம் ஒரு வெற்றிகரமான டிசைன். எந்த வேலைக்காக வரைந்தார்களோ அதை 150 வருடமாகச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலைகளின் பட்டியலில் குடும்பம் நடத்துவது மட்டும் கிடையாது.

இலைக்குக் கட்டிய வீடு

அதே தோட்டத்தில், அதே காலத்தில், இன்னொரு கட்டடத்துக்கு வேறு மாதிரி யோசித்தார்கள். அதுதான் ஃபேக்டரி.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது ஃபேக்டரி என்று ஒன்றும் இருக்கவில்லை. முதல் தேயிலையைக் கையால் உருட்டியது அவருடைய பங்களா விறாந்தையில். இலங்கைத் தேயிலைத் தொழிலின் முதல் ஃபேக்டரி ஒரு இஸ்தோப்புன்னு சொன்னா தப்பில்லை. பிறகு இயந்திரங்கள் வந்தன. மூன்று மாடி, நாலு மாடி ஃபேக்டரிகள் மலைமேல் எழுந்தன.

ஏன் அத்தனை மாடி? பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். உருட்டுவதற்கு முன்னால் அதை வாட்ட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேலே, பரவலான இடமும் நல்ல காற்றோட்டமும் தேவை. அதனால் மேல்மாடிகள் முழுக்கச் சாக்குத் துணித் தட்டுகள் அடுக்கடுக்காக. நாலு பக்கமும் வரிசை வரிசையாக ஜன்னல்கள். மழை விடாமல் பெய்கிற நாளில் கீழே அடுப்பிலிருந்து வரும் சூடான காற்றைப் பெரிய விசிறி வைத்து மேல்மாடிக்கு இழுத்தார்கள். இலையின் ஈரத்தையும் அறையின் வெப்பத்தையும் அளந்து பார்த்து ஜன்னலைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆள் இருந்தது.

அதே மழை நாளில், அதே மலையில், கொழுந்தெடுத்தவள் நனைந்த கம்பளியோடு திரும்பி வந்த காம்பராவில் ஒரு ஜன்னல், அல்லது அதுவும் இல்லை. அடுப்புப் புகை போக வழியில்லாமல் சுவரும் கூரையும் கரி பிடித்திருக்கும். இது அறிவு போதாத காலத்தின் குறை இல்லை. ஈரம், காற்று, வெளிச்சம், வெப்பம், எல்லாவற்றையும் எப்படிக் கையாள்வது என்று அதே தோட்டத்தில் அதே பொறியியலுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு இலைக்குப் போனது, ஆளுக்கு வரவில்லை. எங்களைப் பொறுத்தவரை மலையகக் கட்டடக்கலை வரலாற்றின் முதல் பாடம் இதுதான்.

இஸ்தோப்பில் நடந்த வேலை

சரி, லயத்தில் குடியிருந்தவர்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டார்களா? இல்லை. ஒரு பழைய லயத்தை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை நடந்து பாருங்கள். ஒரு காம்பரா மாதிரி இன்னொன்று இருக்காது. ஒருத்தர் இஸ்தோப்பைப் பலகையடித்து இன்னொரு அறையாக்கியிருப்பார். ஒருத்தர் பின்னால் சரிவை வெட்டிச் சமையல்கட்டு இறக்கியிருப்பார். தார் பீப்பாவை விரித்துத் தட்டிய தகரத்தில் ஒரு மறைப்பு. கூரைக்குக் கீழே விறகுக்கும் மூட்டைக்கும் ஒரு பரண். மகன் கல்யாணம் முடித்தால் காம்பராவுக்குள் ஒரு சேலைத் திரை, அது பிறகு ஒரு பலகைத் தடுப்பு, பிறகு ஒரு சுவர். சாமிப் படத்துக்கு ஒரு மூலை. படிக்கிற பிள்ளைக்கு ஜன்னலோரத்தில் ஒரு மேசை.

கட்டடக்கலை உலகத்தில் இதற்கு இன்றைக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. இந்தியாவில் பாலகிருஷ்ண தோஷி 1980களில் இந்தூருக்குப் பக்கத்தில் ஆரண்யா என்ற குடியிருப்பை வடிவமைத்தார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒரு சின்ன மனை, அடித்தளம், ஒரு கழிப்பறை, ஒரு அறை, இந்த அளவுக்குக் கட்டிக் கொடுத்து, மீதியை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். வாசல் திண்ணையை மறக்காமல் வைத்தார், ஏன்னா அங்கேதான் தெருவும் வீடும் பேசிக்கொள்ளும். 1995இல் அதற்கு ஆகாகான் விருது கிடைத்தது. 2018இல் தோஷிக்குப் பிரிட்ஸ்கர் பரிசு, கட்டடக்கலையின் நோபல் என்று சொல்கிறார்களே, அதேதான். சிலி நாட்டின் அலெஹாந்த்ரோ அரவேனா இக்கீக்கே நகரத்தில் அரை வீடு கட்டிக் கொடுத்து, மற்ற அரையை மக்கள் கட்டிக்கொள்ள இடம் விட்டார். அவருக்கு 2016இல் அதே பரிசு.

நாங்கள் பொறாமையில் சொல்லவில்லை, இரண்டு பேரும் செய்தது நல்ல வேலை. ஆனா இந்த யோசனையின் அடிப்படை என்ன? வீடு ஒரு நாளில் முடிகிற பொருள் இல்லை, குடும்பத்தோடு சேர்ந்து வளர்கிற பொருள். அதை லயத்துச் சனம் பலகையையும் தகரத்தையும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறது. ஒரு வித்தியாசம்தான். இந்தூரில் அதற்கு இடம் விட்டு வரைந்தார்கள். இங்கே நிலமும் கட்டடமும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு சமையல்கட்டை நீட்டவும் அனுமதி கேட்க வேண்டும், கேட்காமல் கட்டினால் இடிக்கச் சொல்லலாம். ஒரே வேலைக்கு அங்கே பேர் புதுமை. இங்கே பேர் சட்டவிரோதக் கட்டடம்.

லயத்தை அழகாக்கிப் பேசவும் நாங்கள் தயாரில்லை. மேற்கூரைக்குள் தடுப்பில்லாத ஒரே கூரை என்பதால் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசையே எரிகிறது. சரிவில் கட்டியதால் மண் இறங்கும்போது லயம் முதலில் போகிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை எங்கள் தலைமுறை டீவியில் பார்த்தது. பக்கத்து வீட்டுச் சண்டை, குடி, அழுகை எல்லாம் ஒரு சுவர் தள்ளிக் கேட்கிற வாழ்க்கையில் ஒரு பெண் பிள்ளைக்குத் தனிமை என்பது எவ்வளவு தூரம் என்று அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

கேட்டுக் கட்டிய ஒரு பெண்

"அந்தக் காலத்தில் யாரும் குடியிருப்பவர்களைக் கேட்டுக் கட்டியதில்லையே" என்று ஒருவர் சொல்லலாம். கேட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதுவும் தூரத்தில் இல்லை, கண்டியில்.

மினெட் டி சில்வா 1918இல் கண்டியில் பிறந்தவர். பம்பாயிலும் இலண்டனிலும் படித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார். ஐரோப்பாவில் நவீனக் கட்டடக்கலை உச்சத்தில் இருந்த நேரம் ஊருக்குத் திரும்பி, கண்டியில் கருணாரத்ன இல்லத்தைக் கட்டினார். கொங்கிரீட்டோடு உள்ளூர்க் கைவினையாளர்களின் ஓடும் தும்பறைப் பாய் நெசவும் சேர்ந்த வீடு அது. நவீனமும் ஊர் வழக்கமும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று அவர் எழுதியது, ஜெஃப்ரி பாவா இன்னும் கட்டடக்கலைஞராக ஆகாத காலத்தில்.

1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டப்புளுவவில் அரச ஊழியர்களுக்குச் சுமார் 250 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று அவர் கைக்கு வந்தது. வெவ்வேறு இனம், மதம், சம்பளம். மினெட் வரைபடத்தோடு தொடங்கவில்லை, கேள்வித்தாளோடு தொடங்கினார். குடும்பத்தில் எத்தனை பேர், எப்படிச் சமைக்கிறீர்கள், எவ்வளவு செலவு முடியும், எந்த மாதிரி வீடு வேணும் என்று வரப்போகிறவர்களைக் கேட்டு, கூடிப் பேசி, பதில்களிலிருந்து சில வகை வீடுகளை உருவாக்கினார். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல் அதன் வளைவோடு வீடுகளை வைத்தார். உலகத்தில் இன்றைக்குப் 'பங்கேற்பு வடிவமைப்பு' என்று பாடம் நடத்துகிற விஷயத்தை எங்கள் கம்பஸுக்குக் கொஞ்சத் தூரத்தில் ஒரு பெண் அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டார்.

இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. மினெட்டின் அம்மா ஆக்னஸ் டி சில்வா, 1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் இருந்தவர். டொனமூர் ஆணைக்குழு முன் அவர் சாட்சியம் சொல்லப் போனபோது, தோட்டங்களில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா வாக்குக் கேட்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதுதான் அவர் பதிலின் சாரம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்ட மக்களுக்குக் கட்டுப்பாடுகளோடு வந்தாலும் வந்தது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போனார்கள், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை உட்பட. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் வாக்கும் போனது. வாக்குப் பறிபோன அந்தக் கவிஞர் பின்னாளில் எழுதிய நாவலுக்கு வைத்த பெயர் 'வீடற்றவன்'.

இப்போது தேதிகளை அடுக்கிப் பாருங்கள். வட்டப்புளுவவில் மினெட் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருந்த வருடங்களில், அதே கண்டியைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பல இலட்சம் பேர் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோதும் அவர்களைக் கேட்கவில்லை. எந்த நாட்டில் வாழ்வது என்றே கேட்கப்படாதவனிடம் எப்படி வீடு வேணும் என்று யார் கேட்பார்கள்? வீட்டு வடிவமைப்பில் கேள்வி கேட்கப்படுவது என்பது ஒரு கட்டடக்கலைஞரின் நல்ல மனசு மட்டும் சார்ந்த விஷயமில்லை. கேட்கப்படுகிறவருக்கு ஒரு வாக்கும், ஒரு காணியும், போகச் சொல்ல முடியாத ஓர் உரிமையும் இருக்க வேண்டும். வட்டப்புளுவக்காரர்களுக்கு அது இருந்தது.

ஃபேக்டரி ஹோட்டலானது, லயம் மியூசியமானது

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். 1970களில் தோட்டங்கள் அரசுடமை, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்கு. 2003இல்தான் மீதியிருந்த நாடற்றவர்களின் பிரஜாவுரிமைக்குச் சட்டம் வந்தது. இதற்கிடையில் மூடிக்கிடந்த ஒரு ஃபேக்டரிக்குப் புது வாழ்க்கை கிடைத்தது. கந்தப்பளை ஹெதர்செட் ஃபேக்டரி, கட்டடக்கலைஞர் நிஹால் போதிநாயக்கவின் வடிவமைப்பில், 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. வெளித் தோற்றத்தைக் கெடுக்காமல், பழைய இயந்திரத்தையும் விசிறிகளையும் எறியாமல், இலை வாட்டிய மேல்மாடிகளைப் படுக்கையறைகளாக்கினார்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் திரும்பப் பாவிப்பதற்கு இலங்கையில் எப்போதும் காட்டுகிற உதாரணம் அது. இலைக்காக யோசித்த வெளிச்சமும் காற்றும் இப்போது விருந்தாளிக்கு.

2007இல் கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாறியது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி. எங்கள் தாத்தா, பாட்டி பாவித்த சாமான்களை அந்தக் காம்பராவுக்குள்ளேயே வைத்துக் காட்டுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து வந்த மலையகக் கலைஞர்கள் ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் போன்றவர்கள் இன்னொரு வழியில் அதே வேலையைச் செய்கிறார்கள். ஹனுஷா தேயிலைச் சாயத்தையும் பாவித்த தேயிலைப் பைகளையும் ஓவியப் பொருளாக்கினார். கொழும்புக் கலைக்கூடங்களின் வெள்ளைச் சுவரில் அந்தக் கறையைப் பார்க்கிறவர், தான் தினமும் குடிப்பது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷமாவது நிற்கிறார். மலையகத்தின் பொருளை மலையகத்தவரே எடுத்து வடிவம் கொடுப்பது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏழு பேர்ச்சஸும் ஒரு கேள்வித்தாளும்

லயம் மியூசியத்துக்குள் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வெளியே சனம் இன்னும் லயத்தில்தான் இருக்கிறது. கடந்த பத்து வருடத்தில் தனி வீடுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டங்களுக்கு 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணி, சுமார் 550 சதுர அடி, இரண்டு அறை, உள்ளேயே சமையலறையும் கழிப்பறையும். 120 சதுர அடிக் காம்பராவில் பிறந்த எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தனக்கென்று நாலு சுவர் கிடைத்த ஓர் அம்மாவின் சந்தோஷத்தை எந்த விமர்சனமும் குறைக்கக் கூடாது.

ஆனா வீட்டின் வரைபடம் மறுபடியும் மேலேயிருந்துதான் வருகிறது. முன்னால் உட்கார்ந்து கதைக்க இஸ்தோப்பு எவ்வளவு அகலம் வேணும்? விறகடுப்பா, காஸா, இரண்டுமா? மழைக்காலத்தில் துணி எங்கே காயும்? வீட்டுத்தோட்டத்துக்கும் மாட்டுக்கும் இடம் எங்கே? மகள் கல்யாணம் முடித்து இங்கேயே இருந்தால் எந்தப் பக்கம் நீட்டலாம்? காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் கூடுகிற பொது இடம் எது? உறுதி யார் பெயரில், கொழுந்தெடுக்கிற அம்மா பெயரிலுமா? இது எல்லாமே மினெட் வட்டப்புளுவவில் கேட்ட வகைக் கேள்விகள்தான். கட்டப்போகிற பல்லாயிரம் வீடுகளுக்கு அவற்றைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது எங்களிடம் வாக்கு இருக்கிறது, கம்பஸ் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்கவில்லை என்றால் சொல்லத் தெரியவில்லை என்ற சாக்கும் இனி இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு சின்ன வேலை கேட்கிறோம். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு அளவு நாடாவும் கட்டக் கொப்பியும் கொண்டு போங்கள். உங்கள் காம்பராவை அளந்து வரையுங்கள். எந்தச் சுவர் துரை காலத்துச் சுவர், எது தாத்தா அடித்த பலகை, எது அம்மா சீட்டுக் காசில் கட்டிய சமையல்கட்டு என்று கேட்டு வருஷத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்களிடமே கேளுங்கள், புது வீடு வந்தால் முதலில் என்ன வேணும் என்று. பதிலை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். அந்தப் பக்கங்கள் ஒரு தோட்டத்துக்கு ஐம்பது சேர்ந்தால், அடுத்த வீட்டுத் திட்டம் வருகிற நாளில் மேசையில் வைக்க எங்கள் கையிலும் ஒரு வரைபடம் இருக்கும்.